கலியாணம் கட்டாத ஐந்து பேர் தேவை

ஒரு ஊரிலே, ஒரேயொரு ஊரிலே, பந்து விளையாடுகிற ஐந்து வாலிபர்கள் இருந்தார்களாம். ஐந்து பேரும் ஒரே காலத்தில் அதே ஊரில் இருந்தார்கள் என்கிற ஒன்றைத் தவிர, இந்தக் கதையில் மற்றதெல்லாம் உண்மை.

கூடைப்பந்துக் குழுவுக்குக் காரியதரிசியாக இருக்கிறவன் பந்தைப் பார்ப்பதிலும் பார்க்க, யாருடைய சாதகம் எந்தச் சாத்திரியார் வீட்டில் கிடக்கிறது என்று பார்ப்பதுதான் அதிகம். உங்களில் யாராவது ஒரு சங்கத்துக்கோ, நாடகத்துக்கோ, கோயில் திருவிழாவுக்கோ ஆள் சேர்த்து அலைந்திருந்தால் என் வயிற்றெரிச்சல் உங்களுக்கு உடனே விளங்கும். மற்றவர்களுக்காக எங்கள் பக்கத்து வழக்கத்தை ஒருதரம் சொல்லிவிடுகிறேன். இங்கே வீடும் வளவும் பெண்பிள்ளைக்குச் சீதனம். கலியாணம் முடித்த ஆண்பிள்ளை பெட்டியைக் கட்டிக்கொண்டு பெண்ணின் ஊருக்குப் போய்விடுவான். அவன் போன இடத்துக்கு வேறொரு ஊரிலிருந்து ஒரு மாப்பிள்ளை வருவான். இதிலே ஒருவருக்கும் நட்டமில்லை, விளையாட்டுக் குழு வைத்திருப்பவனைத் தவிர.

நட்டத்துக்கு மேலே நட்டமாக, அந்த வருஷம் பட்டணத்துப் பிறக்கிராசியார் ஒருவர் ஊர்களுக்கிடையே ஒரு போட்டி வைத்து வெள்ளிக் கிண்ணம் தருவதாகச் சொன்னார். வழக்குகளோடே புரளுகிற மனுஷன், சும்மா தருவாரா? ஒரு சட்டமும் வைத்தார். பிறந்த ஊர் கணக்கில்லை. ஒருவன் எந்த ஊரில் படுத்தெழும்புகிறானோ அந்த ஊருக்குத்தான் விளையாடலாம்.

கடகத்துக்குள் போன பந்து

எங்கள் ஊர் சண்டிலிப்பாய். வாலிபர் சங்கத் தலைவர் ஆறுமுகத்தார், மலாயாவில் றெயில்வே உத்தியோகம் பார்த்துவிட்டுத் திரும்பியவர். ஊரில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பென்ஷனியர் என்றால்தான் தெரியும். ஈப்போவில் சீனப் பெடியன்கள் விளையாடுவதைப் பார்த்துப் பார்த்து அவருக்குக் கூடைப்பந்தில் ஒரு பித்து. ஊருக்கு வந்து பெட்டியைத் திறந்தபோது சேலைகளுக்கு நடுவில் ஒரு தோல் பந்தும் ஒரு விசிலும் இருந்தன. கூடையைத்தான் கொண்டுவரவில்லை.

வாசிகசாலை வளவில் இரண்டு பனங்குற்றிகளை நட்டு, தலைக்கொரு கடகத்தைக் கட்டினோம். பனையோலையில் நெருக்கமாக இழைத்த, மூட்டை நெல்லுக்கும் அசையாத கடகம். முதல் நாளே ஒருவன் பந்தைச் சரியாகப் போட்டுவிட்டான். பந்து உள்ளே போனது, வெளியே வரவில்லை. நாங்கள் மேலே பார்த்தபடி வாயைத் திறந்துகொண்டு நின்றோம். பிறகு ஒருவன் ஏறி எடுத்துத் தந்தான். பந்து போடுகிறவர்கள் களைக்க முன்னமே ஏறுகிறவன் களைத்துப்போனான். அடியை வெட்டிவிடலாம்தான். ஆனால் கடகங்கள் பென்ஷனியரின் பெண்சாதி தெய்வானைப்பிள்ளையுடையவை. அவரைக் கேட்க பென்ஷனியருக்கே நெஞ்சுரம் இல்லை. அந்த அம்மா வேலிப் பக்கமாக வந்து கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஏறி இறங்கிறதுதான் விளையாட்டெண்டால் தேங்காயைப் பிடுங்குங்கோவன், கறிக்காவது உதவும்" என்று சொல்லிப் போனார்.

அவர் தலை மறைந்ததும் நான் கத்தியை எடுத்துக்கொண்டு ஏறி, இரண்டு கடகத்தின் அடியையும் சத்தமில்லாமல் வெட்டிவிட்டு இறங்கினேன். பென்ஷனியர் அன்றைக்கே என்னைக் காரியதரிசியாக்கினார். எனக்கு விளையாடத் தெரியாது என்று என் மெல்லிய குரலில் சொல்லிப் பார்த்தேன். "அதுக்கென்ன தம்பி? உன்னோடை ஒருத்தனும் சண்டைக்கு வர ஏலாது. நீ என்ன சொன்னனீ எண்டு காதிலை விழுந்தால்தானே சண்டை பிடிக்கிறது!" என்றார்.

துலாவில் ஏறின குழு

பந்தை உயரத்தில் போட வேண்டுமென்றால் உயரமான ஆள் வேண்டும். ஊரிலேயே உயரமானவன் துரைசிங்கம். மற்றவர்கள் கொக்கத்தடி தேடுகிற நேரத்தில் அவன் கையை நீட்டி முருங்கைக்காயைப் பறித்துக்கொண்டு போய்விடுவான். பந்தைக் கையில் கொடுத்தால் எட்டி வைத்துவிட்டு வருவான், போடத் தேவையில்லை. ஆனால் அது மாசி மாதம். அவர்களுக்குப் புகையிலைத் தோட்டம். கிணறோ பங்குக் கிணறு. அவர்களுடைய இறைப்பு முறை பின்னேரத்தில் வரும். எங்கள் பந்துப் பழக்கமும் பின்னேரத்தில்தான்.

நான் தகப்பனாரிடம் போய்க் கேட்டேன். அவர் சுருட்டை வாயிலிருந்து எடுக்காமல் "ஆர் இறைக்கிறது?" என்றார். எனக்கு அதற்கு ஒரு மறுமொழிதான் தோன்றியது. அடுத்த நாள் பின்னேரம் எங்கள் குழு முழுவதும் கிணற்றுத் துலாவில் நின்றது. ஒருவன் துலாவில் நடந்தான், ஒருவன் தண்ணீர்ப் பட்டை பிடித்தான், ஒருவன் வாய்க்கால் மாறினான். இறைத்து முடித்துவிட்டுத்தான் பந்தைத் தொட்டோம். தொடத்தான் முடிந்தது, எறியக் கை எழும்பவில்லை. துரைசிங்கம் மட்டும் ஒரு வேலையும் செய்யாதபடியால் நன்றாக விளையாடினான். ஒரு கிழமை இப்படிப் போனது. புகையிலை தளதளவென்று நின்றது. தகப்பனார் ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு அன்போடு பக்கத்தில் இருத்தினார்.

"தம்பி, உந்த விளையாட்டுக்கு ஐஞ்சு பேர் காணுமோ? பத்துப் பேரெண்டால் வெங்காயத்தையும் கிண்டிப் போடலாம்."

மயிலிட்டிக்காரரின் நித்திரை

மயிலிட்டிக் கடற்கரையிலிருந்து சூசை அண்ணை சைக்கிளில் மீன் கொண்டுவந்து எங்கள் சந்தையில் விற்பார். ஒரு நாள் தண்ணீர் குடிக்க வாசிகசாலைக் கிணற்றடிக்கு வந்தவர், உருண்டுவந்த பந்தைக் கையிலெடுத்து, நின்ற இடத்திலிருந்தே சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு வீசினார். அது கூடையின் விளிம்பில்கூடப் படாமல் உள்ளே இறங்கியது. வலை வீசுகிற கை. பென்ஷனியருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

ஆனால் அவர் படுத்தெழும்புகிற ஊர் மயிலிட்டி. ஆட்டத்துக்கு முதல் நாளெல்லாம் எங்கள் வாசிகசாலையில் படுக்கட்டும் என்று முடிவு செய்தோம். கடற்கரை ஆளை உள்ளே படுக்க விடுவதோ என்று ஊரில் இரண்டு மூன்று பேர் முறுகினார்கள். "ஈப்போவிலை ஆர் ஆரோடையோ ஒரு மேசையிலை இருந்து திண்டு உசிரோடை வந்தனான். வாசிகசாலை இடிஞ்சு விழுந்தால் நான் கட்டித் தாறன்" என்று பென்ஷனியர் ஒரே சத்தம். முறுகினவர்கள் அடங்கினார்கள். பாயும் தலையணையும் என் அம்மா கொடுத்தா. சித்திரையில் அளவெட்டியோடு எங்கள் வாசிகசாலை வளவில் ஒரு ஒத்திகை ஆட்டம் வந்தது. பந்து எறிய முன்னமே அளவெட்டிக் கப்டன் பொன்னுத்துரை கையைத் தூக்கினான். அன்று விடியப் புறத்தில் மீன் வாங்க மயிலிட்டிக்குப் போனானாம். சூசை அண்ணை தன் வீட்டு வாசலில் இருந்து வலை பொத்திக்கொண்டிருந்தாராம். நான் திகைத்துப்போய்ச் சூசை அண்ணையைப் பார்த்தேன். "நான் என்ன தம்பி செய்ய? இங்கை இரவிலை ஒரு சத்தமும் இல்லை. கடல் இரையாமல் எப்பிடிக் கண்ணை மூடுறது? எழும்பிப் போட்டன்" என்றார்.

அன்றைய ஆட்டம் அவர் இல்லாமலே நடந்தது, அத்தோடு அவர் குழுவில் இல்லை. கோபப்படவுமில்லை. அதற்குள் கடகங்களுக்குப் பதிலாகக் கொல்லர் இரும்பு வளையம் அடித்துத் தந்திருந்தார். சூசை அண்ணை அடுத்த கிழமை மீனோடு சேர்த்து, அந்த வளையங்களுக்கென்று தானே பின்னின இரண்டு வலைகளும் கொண்டுவந்து, ஏறிக் கட்டிவிட்டார். இறங்கி நின்று அண்ணாந்து பார்த்தார்.

"என்ரை சீவியத்திலை அடியிலை ஓட்டையோடை பின்னின வலை இதுதான். இதிலை பிடிக்கிறதை வைச்சு நீங்கள் என்னத்தைத் தின்னப் போறியள்?"

ஆடியில் வைத்தால் அலுப்பில்லை

போட்டியை எந்த மாதம் வைக்கலாம் என்று கேட்க, பிறக்கிராசியார் எல்லா ஊர்க் காரியதரிசிகளையும் தலைவர்களையும் தன் வீட்டு விறாந்தைக்குக் கூப்பிட்டார். கதிரை காணாமல் நாங்கள் வாங்குப் பலகையில் நெருங்கி இருந்தோம். ஒவ்வொருவர் முகத்திலும் ஒரே துக்கம். ஒருவருக்குச் சுன்னாகம் பெண் கொண்டுபோன துக்கம், இன்னொருவருக்கு மானிப்பாய் பெண் கொண்டுபோன துக்கம். அப்போது பென்ஷனியர் எழும்பி, "ஆடியிலை வையுங்கோ. ஆடியிலை ஒருத்தரும் கலியாணம் வைக்கமாட்டினம். ஒரு ஊரிலையும் ஒருத்தனும் அசையான்" என்றார். விறாந்தை முழுவதும் கைதட்டியது. பிறக்கிராசியாரே எழும்பி வந்து கை கொடுத்தார்.

அத்தனை புத்திசாலிகளில் ஒருவருக்கும் ஆடிக்கு முன்னால் ஆனி வருகிறது என்கிற ஞாபகம் வரவில்லை. ஆடி வந்தால் மாதம் முழுவதும் கலியாணமில்லை. ஆகவே ஆனிக்குள்ளேயே முடித்துவிட வேணும் என்று எல்லாத் தாய்தகப்பனும் ஓடினார்கள். ஒழுங்கைக்கு ஒழுங்கை மேளம். எங்கள் குழுவில் இரண்டு பேரை ஒரே கிழமைக்குள் பன்னீர் தெளித்துக் கொண்டுபோனார்கள். நான் வாசலில் நின்று சந்தனம் பூசிக்கொண்டே அழாத குறை.

போனவர்களுக்குப் பதிலாக ஊருக்குள் வந்த மாப்பிள்ளைகளையாவது பார்க்கலாம் என்று, நாலாஞ்சடங்கு நடந்துகொண்டிருந்த ஒரு வீட்டுக்குப் பந்தையும் கக்கத்தில் வைத்துக்கொண்டு போனேன். மாப்பிள்ளை ஒரு கடையில் கணக்கப்பிள்ளை. நல்ல மனுஷன், நல்ல தொந்தி. உயரம் எவ்வளவு என்று கண்ணால் அளந்தேன், காலைப் பார்த்தேன், கையை நீட்டச் சொன்னேன். பலகாரத் தட்டோடு வந்த மாமியார் தட்டைக் கீழே வைத்தார்.

"நீர் மாப்பிள்ளை பாக்க வந்தனீரோ, மாடு பாக்க வந்தனீரோ? வந்தது வந்தீர், பல்லையும் ஒருக்காப் பிடிச்சுப் பாரும்."

துரைசிங்கத்துக்கு ஒரு பெண்

இவ்வளவு நடந்தும் எனக்கு நித்திரை வந்ததற்கு ஒரே காரணம் துரைசிங்கம். அவன் நிற்கிறவரைக்கும் குழு நிற்கும். ஒரு நாள் காலையில் பென்ஷனியர் சால்வையைச் சரியாகப் போடாமல் எங்கள் படலையைத் தள்ளிக்கொண்டு வந்தார். அளவெட்டிக் கப்டன் பொன்னுத்துரை தன் தங்கையைத் துரைசிங்கத்துக்குப் பேசியிருக்கிறானாம். துரைசிங்கத்தின் தகப்பனுக்கு அரைமனம் சரியாம்.

"உவன் பொன்னுத்துரை தங்கச்சிக்கு மாப்பிள்ளை தேடேல்லைத் தம்பி, குழுவுக்கு ஆள் தேடுறான்" என்றார் பென்ஷனியர். பிறகு குரலைத் தாழ்த்தி, "உன்ரை கொக்கா பரமேஸ்வரி இருக்கிறாவெல்லே? கேட்டுப் பார். மாப்பிள்ளை உள்ளூர், ஒரு ஒழுங்கை தள்ளி. ஆளும் எங்களோடை நிக்கும், கிண்ணமும் நிக்கும்" என்றார்.

என் அக்கா பரமேஸ்வரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டுக்கென்று அளந்து கொடுத்த சத்தம் முழுவதையும் அவளே எடுத்துக்கொண்டாள், மிச்சம்தான் எனக்கு. ஐயா இல்லாத வீடு. பெண் பார்க்க வந்த இரண்டு மாப்பிள்ளைகளிடமும் இவள் கேள்வி கேட்டாள். ஒருவர் தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பினார். மற்றவர் தேத்தண்ணி வரும்வரைக்கும் இருக்கவில்லை. இனி யாரும் வரமாட்டார்கள் என்று அம்மா சுவாமி அறைக்குள் போய் மூக்கைச் சிந்துவது எனக்குத் தெரியும். ஆகவே பென்ஷனியர் சொன்னதும் அம்மாவின் முகம் விளக்கேற்றினது போல ஆகிவிட்டது. பந்துக்காக அக்காவைக் கொடுக்கிறேனா, அக்காவுக்காகப் பந்தைச் சாட்டாக வைக்கிறேனா என்று எனக்கே விளங்கவில்லை.

அக்கா உரலில் இடித்துக்கொண்டிருந்தாள். எங்கள் வளவு வாசிகசாலைக்குப் பக்கத்து வளவு. பழக்கமும் ஆட்டமும் எல்லாம் அவளுக்கு வேலிக்கு மேலாலே தெரியும். உலக்கையை நிறுத்தாமலே பேசினாள். "துரைசிங்கம் பிழையான பெடியன் இல்லை. ஆனால் பந்து கைக்கு வந்தால் ஒருத்தருக்கும் குடான். போட்டாலும் அவன்தான், விட்டாலும் அவன்தான். மற்ற நாலு பேரும் பனங்குத்தி மாதிரி நிக்கிறியள். அந்த வீட்டிலை நான் எந்த மூலையிலை நிக்கிறது?"

அம்மா தலையில் கைவைத்தா. பென்ஷனியர் சால்வையைச் சரிசெய்துகொண்டு படலைப் பக்கம் நகர்ந்தார். நான் போய்க் கொஞ்ச நேரம் கிணற்றடியில் நின்றுவிட்டு வந்தேன். அப்போதுதான் அக்கா உலக்கையைச் சாத்தி வைத்தாள். வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, எனக்குப் பழக்கமில்லாத சின்னக் குரலில் சொன்னாள்.

"அளவெட்டியிலை ஒரு கட்டை ஆள் விளையாடினவர். பந்து வந்த உடனை ஆர் வெறுமனே நிக்கினம் எண்டு பாத்துக் குடுக்கிறவர். கேக்கிறதெண்டால் அவரைப் போய்க் கேள்."

போனது ஒன்றுக்கு, வந்தது இரண்டுக்கு

அந்தக் கட்டை ஆளின் பெயர் நடராசா. அளவெட்டியில் சின்ன வகுப்புக்குப் படிப்பிக்கிற வாத்தியார். சைக்கிளை மிதித்துக்கொண்டு போகும்போது என் மனதில் ஓடினதை ஒளிக்கவில்லை. அக்காவுக்கு மனதுக்குப் பிடித்த மாப்பிள்ளை. எங்களுக்குப் பந்து கொடுக்கத் தெரிந்த ஒரு ஆள். அளவெட்டிக்கு ஒரு ஆள் குறைவு. துரைசிங்கம் போனாலும் போகட்டும். இப்படி ஒரு காரியத்தைப் பிறக்கிராசியாராலும் செய்ய முடியாது என்று நினைத்தேன்.

வாத்தியார் என்னைக் கண்டதும், ஒத்திகை ஆட்டத்தைப் பற்றி முறைப்பாடு கொண்டுவந்திருக்கிறேன் என்று நினைத்து, பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்கிற சத்தத்திலேயே நியாயம் சொல்லத் தொடங்கினார். நான் வந்த விஷயத்தைச் சொன்னேன். விளங்கவில்லை. திரும்பச் சொன்னேன். சட்டென்று சத்தம் நின்றுவிட்டது. காது சிவந்தது. "வேலிக்கு மேலாலை ஒராள் நடுவருக்கே நியாயம் சொன்னவ, அவவோ?" என்று கேட்டார். ஓம் என்றேன். "அண்டைக்கு அவ சொன்னது சரி. அது பிழையான விசில்தான்" என்றார். அவருக்குச் சம்மதம் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

ஆனால் அவருக்கு ஒரு தங்கை இருந்தாள், கமலம். தங்கைக்கு ஒரு இடம் பார்க்காமல் தான் முடிக்கிறதில்லை என்று வாத்தியார் பிடிவாதமாக நின்றார். அவருடைய தாயார் அதுவரை கதவு நிலையில் சாய்ந்து நின்று என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கணக்கப்பிள்ளையை நான் பார்த்த அதே பார்வை. காலைப் பார்த்தார், கையைப் பார்த்தார். "அப்ப மாத்துச் சம்பந்தமாச் செய்வம். எங்கடை பெடியன் உங்கடை வீட்டுக்கு, நீங்கள் எங்கடை வீட்டுக்கு. இரண்டு வீட்டுப் பாரமும் ஒரே நாளிலை இறங்கிவிடும்" என்றார். ஆள் எடுக்கப் போன இடத்தில் என்னையே எடுப்பார்கள் என்று எந்தக் காரியதரிசி நினைப்பான்? கமலம் மோர்ச் செம்போடு வந்தாள். அவளைப் பார்த்து, எங்கள் ஊர் ஆள்கள் எவரும் காணாத தைரியத்தோடு, உமக்கு இது சம்மதமோ என்று கேட்டேன். எப்படியோ அவளுக்கு அது கேட்டுவிட்டது.

"அண்ணை பள்ளிக்கூடத்திலை கத்திற சத்தத்திலைதான் வீட்டிலையும் கதைப்பார். மெல்லக் கதைக்கிற ஒராள் வந்தால் இந்த வீட்டுக்கு நல்லது" என்றாள், செம்பைப் பார்த்தபடி.

பென்ஷனியர் கேட்ட கேள்வி

ஊருக்கு வந்து விஷயத்தைச் சொன்னேன். அம்மா அழுதா, சிரித்தா, பிறகு இரண்டையும் சேர்த்துச் செய்தா. அக்கா இன்னொரு கொத்து அரிசியை உரலில் கொட்டினாள். அன்றைக்கு ஊறவைத்தது எல்லாம் முடிந்துவிட்டது, அது ஊறாத அரிசி. பென்ஷனியரிடம் போகத்தான் கால் வரவில்லை. போனேன். முழுவதும் கேட்டுவிட்டு, மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நல்ல விஷயம். உன்ரை தகப்பனார் இருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்" என்றார். பிறகுதான் அவருக்கு மற்றது உறைத்தது.

"ஆள் பிடிக்கப் போன உன்னையே அவன்கள் பிடிச்சுக்கொண்டு போனால், உன்னைப் பிடிச்சுக்கொண்டு வர நான் ஆரையடா தம்பி அனுப்புறது?"

ஆடிக் காற்றில்

ஆனி முடிய முன்னம் எல்லாம் நடந்தது. அத்தான், அதாவது வாத்தியார், சண்டிலிப்பாய்க்கு வந்தார். நான் அளவெட்டிக்குப் போனேன். துரைசிங்கமும் பொன்னுத்துரையின் தங்கையை முடித்து அளவெட்டிக்கே வந்து சேர்ந்தான். மாப்பிள்ளையாக வந்தவனுக்கு ஒரு வேலை கொடுக்க வேணுமென்று பொன்னுத்துரை என்னைக் கூப்பிட்டு அளவெட்டிக் குழுவுக்குக் காரியதரிசியாக்கினான். நான் வேண்டாமென்றேன். அது அவன் காதில் விழவில்லை.

ஆடியில் கடைசி ஆட்டம் சண்டிலிப்பாய்க்கும் அளவெட்டிக்கும் என்று வந்துவிட்டது. இடமும் எங்கள் பழைய வாசிகசாலை வளவு. நான் பிறந்த வீட்டு வேலிக்கு எதிரே, அளவெட்டிக்காரரின் வாங்கில் நான் இருந்தேன். சோளகக் காற்று என்றால் அப்படியொரு காற்று. மேலே போன பந்து தன் விருப்பத்துக்கு வேறு ஒழுங்கையைப் பார்த்துப் போனது. துரைசிங்கத்துக்கு நாங்கள் பந்தைக் கொடுத்தோம். அவன் அதை வைத்துக்கொண்டான். மூன்று பேர் சுற்றி நின்றாலும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி நின்றான், ஒருவருக்கும் கொடுக்கவில்லை. கொடு, கொடு என்று நான் வாங்கில் இருந்து சொன்னேன். எனக்குப் பக்கத்தில் இருந்தவருக்கே அது கேட்கவில்லை. அந்தப் பக்கம் வேலிக்கு மேலாலே அக்கா, "எல்லாரும் பந்தைப் பாக்காதேங்கோ, ஆளைப் பாருங்கோ!" என்று காற்றையும் வெட்டிக்கொண்டு கத்தினாள்.

சண்டிலிப்பாய்க் குழுவை என்னென்று சொல்ல! வந்த மாப்பிள்ளைகள்தான் பாதிப் பேர். தொந்தியோடு அந்தக் கணக்கப்பிள்ளையும் நின்றார். ஓட ஏலாதபடியால் வளையத்துக்குக் கீழேயே ஓரிடத்தில் நின்றார். இவரால் என்ன ஆகும் என்று எங்கள் அளவெட்டி ஆள்கள் ஒருவரும் அவருக்குக் காவல் நிற்கவில்லை. கடைசி நேரம், இரண்டு பக்கமும் சமம். அத்தானைச் சுற்றி நெருங்கிவிட்டார்கள். அவர் அண்ணாந்தும் பார்க்கவில்லை, ஒருதரம் சுற்றிப் பார்த்துவிட்டு, இடுப்புக்குக் கீழாலே பந்தைத் தட்டி விட்டார். அது காற்றுக்கு அகப்படாமல் நிலத்தில் தத்திப் போய்க் கணக்கப்பிள்ளையின் கையில் நின்றது. கணக்கப்பிள்ளை பந்தைப் பார்த்தார், வளையத்தைப் பார்த்தார், மாமியார் எங்கே நிற்கிறார் என்றும் ஒருதரம் பார்த்தார். பிறகு இரண்டு கையாலும் பெட்டிக்குள் காசு போடுகிறது போல மெதுவாகப் போட்டார். சூசை அண்ணையின் வலை ஒருதரம் வயிறு ஊதி அடங்கியது. விசில் ஊதிவிட்டது.

பென்ஷனியர் கிண்ணத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வாசிகசாலைக்குள் போனார், வெளியே வரவேயில்லை. கணக்கப்பிள்ளையை ஊர் தோளில் தூக்கப் பார்த்து, முடியாமல், நடத்திக்கொண்டு போனது. துரைசிங்கம் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்காமல் சைக்கிளில் ஏறினான். பொன்னுத்துரையும் மற்றவர்களும் பின்னாலே போனார்கள். சனம் கலைந்து, வளவில் புழுதி மட்டும் சுற்றிக்கொண்டு நின்றது.

அக்கா வேலியடிக்கு வந்து, சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னாள். கமலம் பார்த்துக்கொண்டிருப்பாள் என்றேன். சிரித்தாள். நான் தயங்கித் தயங்கி, வீட்டில் எல்லாம் சரிதானே, மனுஷன் எப்படி என்று கேட்டேன். தோற்ற குழுவின் காரியதரிசிக்கு அன்றைக்குத் தெரிய வேண்டியது அது ஒன்றுதான்.

"நான் ஒரு கேள்வி கேட்டால் அவர் திருப்பி இரண்டு கேக்கிறாரடா. றெயில் கோச்சியிலை ஏறினது மாதிரி விடியத் தொடங்கினால் பொழுதுபடத்தான் நிப்பம். இவ்வளவு நாளைக்குப் பிறகு எனக்குச் சண்டை பிடிக்க ஒரு ஆள் அம்பிட்டிருக்கு!" என்றாள். அப்படிச் சொல்லும்போது அவள் முகம் இருந்த இருப்பை நான் அதற்கு முன் கண்டதில்லை. உள்ளேயிருந்து அத்தான் ஏதோ உரத்துக் கேட்டார். அவளும் உரத்து ஏதோ திருப்பிக் கேட்டுக்கொண்டே போய்விட்டாள்.

நல்ல ஆளை ஊருக்குள் கொண்டுவந்து சேர்த்தால் ஆட்டம் முடிந்த பிறகு ஊரைவிட்டு நடக்க வேண்டிய கடைசி ஆள் காரியதரிசிதான் என்பதை யாராவது எனக்கு முதலே உரத்துச் சொல்லியிருக்கலாம் என்று நினைத்துக்கொண்டு, சுழன்றடித்த காற்றில் ஏற முடியாத சைக்கிளை உருட்டியபடி நான் அளவெட்டிக்கு நடந்தேன்.